பூஜைக்கு அணைக்காத பெட்டிகள்

அக்டோபர் 12, திங்கள்

தெய்வசிகாமணி அண்ணனின் கம்பெனிக் கணினிகளை வருகிற 24-ஆம் தேதியிலிருந்து ஹாலந்துக்காரன் தன் ஆர்டர் தளத்துக்குள் விடமாட்டானாம். காலையில் மெயில் வந்துவிட்டது. பிரவுசருக்குள் உட்கார்ந்து படம் ஓட்டுவதற்கும் படிவம் திறப்பதற்கும் உதவுகிற பிளக்-இன்கள் எல்லாம் பழசு. பழசில் ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை வழியாக எவனும் உள்ளே வரலாம். அப்டேட் செய்த கணினிக்குத்தான் இனி கதவு திறக்கும் என்று எழுதியிருக்கிறான். நியாயமாகத்தான் எழுதியிருக்கிறான்.

படுக்கை விரிப்பும் ஜன்னல் திரையும் அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. கிறிஸ்துமஸ் சரக்கு போய்க்கொண்டிருக்கிற நேரம். தளத்துக்குள் போக முடியாவிட்டால் பேக்கிங் லிஸ்ட் ஏற்ற முடியாது. ஏற்றாவிட்டால் கன்டெய்னர் தூத்துக்குடியில் நிற்கும்.

கரூரில் என்னிடம் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும் கம்பெனிகளில் இதுதான் பெரியது. ஐம்பது சொச்சம் கணினி, எல்லாம் நான் பெங்களூரில் மொத்த லாட்டாக எடுத்துவந்து விற்ற செகண்ட் ஹேண்ட் பெட்டிகள். டைப்ரைட்டர் ரிப்பன் விற்ற காலத்திலிருந்து அண்ணனுக்கு என்னைத் தெரியும். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

“என்ன அம்மணி, ஆவுமா, ஆவாதா?” என்றார்.

“ஆவுமுங்ண்ணா. பத்து நாளு கெடக்குதே.”

“ஆவாதுன்னா இப்பவே சொல்லிப்போடு. உன்ற பழைய ஆளு கிருபாகரன், ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டு அத்தனை பெட்டிக்கும் ஏத்திப்போடலாம்ங்கறான்.”

“அவங்கிட்ட எப்பங்ண்ணா கேட்டீங்க?”

“நான் எங்க கேட்டேன். போன மாசம் ஒரு கல்யாணத்துல பாத்தப்ப பேச்சுவாக்குல சொன்னான்.”

கிருபாகரன் டிப்ளமோ முடித்த கையோடு என் கடைக்கு வந்தவன். இரண்டு வருஷம் முன்னால் விலகிப்போய்க் கோவை ரோட்டில் தனிக்கடை போட்டான். போனவன் போனான், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. அவன் கடைப் பலகையில் எழுத்து பெரிது, விளக்கு மங்கல். நேற்று அந்த வழியாகப் போனபோதும் அப்படியேதான் இருந்தது.

அக்டோபர் 13, செவ்வாய்

வேலை தொடங்கியாயிற்று. என் கடையில் இப்போது இருப்பது நவநீதன் ஒருவர்தான். டி.வி. மெக்கானிக்காக இருந்து வந்தவர், கை சுத்தம், அவசரம் கிடையாது. அவரும் நானும் ஆளுக்கொரு பென் டிரைவோடு போனோம்.

யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாயில்லை. “ஷிப்மென்ட்டுங்க்கா, மத்தியானம் வாங்க.” மத்தியானம் போனால் “சாயங்காலமுங்க்கா.” பிரவுசர் திறந்திருந்தால் அப்டேட் ஏறாது. இவர்களோ பிரவுசரை மூடினால் பிழைப்பே மூடிவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிசைன் பிரிவில் ஒரு பெண், அப்டேட் செய்யச் சொல்லி எட்டிப் பார்க்கும் சின்னக் கட்டத்தைத் திரையின் மூலைக்கு இழுத்துவிட்டு மீதி இடத்தில் வேலை பார்க்கிறாள். எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று கேட்டேன். “நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து இருக்குதுங்க்கா. அது பாட்டுக்கு இருக்குது, ஒரு தொந்தரவும் பண்றதில்ல” என்றாள்.

நாள் முழுக்க நின்று நாலு பெட்டி.

அக்டோபர் 14, புதன்

இன்று அக்கவுண்ட்ஸ் பிரிவு. குணவதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வரி கட்டும் தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அந்தத் தளத்தில் ஜாவா என்கிற பிளக்-இன் பழசாக இருந்தால்தான் கையெழுத்து விழும். ஹாலந்துக்காரனுக்குப் புதுசு வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டும் நடக்காது.

“போன தடவ உங்காளு அப்டேட்டுனு எதையோ ஏத்தி உட்டுட்டுப் போயிட்டாரு. ரிட்டர்ன் போட முடியாம ஆடிட்டர் ஊட்டுத் திண்ணைல போயி உக்காந்திருந்தேன். இந்தப் பெட்டியத் தொட்டீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேனுங்க்கா.”

“நான் வித்த பெட்டிதான குணவதி அது.”

“வித்தது நீங்க. திட்டு வாங்குறது நானு.”

அவள் சொல்வதில் தப்பில்லை. யோசித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் தனிப்பெட்டி ஒன்று வைத்துவிடலாம் என்றேன். அதில் மெயில் கிடையாது, வேறு தளம் கிடையாது, அந்த ஒரு கையெழுத்து மட்டும். பழைய ஜாவா அதில் இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற வேலைக்கு அவளுடைய பெட்டி அப்டேட்டோடு இருக்கட்டும். ஒத்துக்கொண்டாள். என் குடோனில் கிடந்த பெட்டி ஒன்றும் விலையாயிற்று.

அக்டோபர் 16, வெள்ளி

இன்றும் ஐந்தாறுதான். இந்த வேகத்தில் தீபாவளிக்குக்கூட முடியாது.

அக்டோபர் 17, சனி

அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். போனால் அறையில் கிருபாகரன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“உக்காரு, உக்காரு. நான் என்ன ஸ்கூல் வாத்தியாரா” என்றேன். உட்காரவில்லை. இளைத்திருக்கிறான்.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. “அம்மணி, இன்னும் பாதிக்கு மேல கெடக்குதாமா. அதான் இவன வரச் சொன்னேன். நீ மனசுல வெச்சுக்காத.”

“வேலை ஆவோணும், அவ்வளவுதானுங்ண்ணா.”

கிருபாகரன் தன் வழியைச் சொன்னான். சர்வரில் புதுப் பதிப்புகளை வைத்து அங்கிருந்து எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவான். பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அதில் யாரும் வேலை பார்க்கக் கூடாது. நெட்வொர்க் பழசு என்பதால் பல மணி நேரம் பிடிக்கும்.

அங்கேதான் முட்டிக்கொண்டது. ஷிப்மென்ட் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. இரவில் விட்டுவைக்கலாம் என்றால், பக்கத்து நூல் குடோன் எரிந்ததிலிருந்து அண்ணன் தன் கையால் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். ஆள் இல்லாத நாள் என்று பார்த்தால் ஆயுத பூஜை மட்டும். அன்றைக்கும் எல்லாவற்றையும் துடைத்து, மெயினை இறக்கி, பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டால் மறுநாள் மறுபூஜை முடியும்வரை எவரும் தொடக் கூடாது.

“பூஜை போட்ட ஆயுதத்துல கை வெக்கக் கூடாது. அது எங்கய்யன் காலத்துல இருந்து இருக்கற வழக்கம்” என்றார் அண்ணன்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கன்டெய்னர் நின்றால் கம்பெனி நிற்கும். நின்ற கம்பெனியின் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“கை வெக்க வேண்டாமுங்ண்ணா” என்றேன். “நம்ம லாரிக்குப் பூஜை போடறப்ப இஞ்சின அணைச்சா போடறோம்? ஓடற வண்டிக்குத்தான சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தறோம். அதே மாதிரி பெட்டியும் ஓடட்டும். யாரும் தொட வேண்டாம். அது பாட்டுக்கு அதுவே ஏத்திக்கும்.”

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “ராத்திரிக்கு?”

“நவநீதன் வாட்ச்மேனோட படுத்துக்குவாரு. மெயினுக்கு அவரு பொறுப்பு.”

“மானிட்டர மட்டும் எல்லாத்தையும் அணைச்சுப்போடலாமுங்க. இல்லீன்னா யாராச்சும் பொரி தின்னுட்டே மெயில் பாப்பாங்க” என்றான் கிருபாகரன்.

அண்ணன் சம்மதித்தார். பிறகு முடிவாகச் சொல்லிவிட்டார். “இவன் முடிச்சுக் குடுத்தான்னா அடுத்த வருஷ ஒப்பந்தம் இவனுக்கு. முடிக்கலீன்னா பழகுன எடம், அம்மணியே வெச்சுக்கட்டும்.”

ஆக, என்னிடமிருந்து ஒப்பந்தத்தைக் கொண்டுபோக வந்தவனுக்கு நானே வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தேன்.

அக்டோபர் 18, ஞாயிறு

கிருபாகரன் கடைக்கு வந்தான். வாசலில் நின்றபடியே, சர்வருக்குள் போக பாஸ்வேர்ட் வேண்டும் என்றான்.

“உள்ள வா. வெயில்ல என்ன கோயில் வரிசை மாதிரி நிக்கற.”

வந்தான். சுற்றிலும் பார்த்தான். பழைய டேபிள் இன்னும் அதே மூலையில்தான் கிடக்கிறது, அதன்மேல் கேபிள் சுருள்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

“பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமே” என்றேன்.

“மாத்தலீங்களாக்கா?”

“எதுக்கு மாத்தோணும்?”

“ஆளு வேலைய உட்டுப் போனா மொதல்ல அதத்தான் மாத்தோணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

“வேலை நெருக்கடி” என்றேன்.

இரண்டு வருஷ நெருக்கடியா என்று அவன் கேட்கவில்லை. கேபிள் சுருள் ஒன்றை எடுத்து, முடிச்சைப் பிரித்து, ஒழுங்காகச் சுற்றி மறுபடி வைத்துவிட்டுப் போனான். இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

குணவதியின் பெட்டி உட்பட இரண்டில் சோதனை பார்த்தான். ஏறிவிட்டது. தளமும் திறந்தது. “என்னங்க்கா, உங்காளு கெட்டிக்காரர்தான்” என்றாள் குணவதி. என் ஆள் இல்லை என்று சொன்னேன். “சரீங்க, உங்க எதிராளி” என்றாள்.

கடைக்கு ஒட்டடை அடித்தோம். பொரி, கடலை, வாழைக்கன்று வாங்கியாயிற்று. வாழைக்கன்று யானை விலை.

அக்டோபர் 21, புதன். ஆயுத பூஜை

என் கடைப் பூஜையை மதியத்துக்குள் முடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கிருபாகரன் சர்வர் அறையில் எல்லாவற்றையும் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றான். மானிட்டர்கள் எல்லாம் கறுப்பு. பெட்டிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன.

அண்ணன் ஜரிகை வேட்டியில் வந்தார். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கையில் வைத்துக்கொண்டு ஷிப்பிங்கும் அக்கவுண்ட்ஸும் உட்காரும் முன்வரிசைகள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் தானே குனிந்து பொட்டு வைத்தார். வருஷா வருஷம் அது அவர் வேலை, வேறு யாரையும் விடமாட்டார். பின்வரிசைகளுக்கு ஆட்கள் வைத்தார்கள். மணியடித்ததில் உறுமல் எதுவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொரிப் பொட்டலம், ஒரு சில்வர் டப்பா.

கிருபாகரன் பூஜையில் கண்ணை மூடவே இல்லை. சர்வர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். புதுக்கடைக்கு வாங்கிய கடனுக்குத் தவணை இருக்குமாயிருக்கும். எனக்கென்ன.

அக்டோபர் 22, வியாழன். விஜயதசமி

மறுபூஜை முடிந்து மானிட்டர்களைப் போட்டார்கள். பின்வரிசைகள் எல்லாம் சரி. முன்வரிசைகள் இரண்டும் செத்துக் கிடந்தன.

பெட்டிகளை மறுபடி கிளப்பிப் பார்த்தால் இன்னும் மோசம். பழைய பிளக்-இன் கழன்றுவிட்டது, புதியது ஏறவில்லை. ஹாலந்துக்காரன் தளத்தைத் திறந்தால் படிவம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். நாளை சாயங்காலம் கெடு. பேக்கிங் லிஸ்ட் ஏற்றும் பெட்டிகள் அத்தனையும் அந்த இரண்டு வரிசையில்தான் இருக்கின்றன. முன்பே முடித்திருந்த குணவதியின் பெட்டியும் இன்னும் ஒன்றிரண்டும் மட்டும் தப்பித்தன.

கிருபாகரன் சர்வரில் பதிவுகளைத் தேடிவிட்டு வெளியே வந்தான். “பாதி ஏறிட்டிருக்கறப்ப பெட்டி அணைஞ்சிருக்குதுங்க. ஏன்னு தெரியலீங்க.”

“கரன்ட்டுப் போச்சா?” என்றார் அண்ணன்.

“இல்லீங்க” என்றார் நவநீதன். “மெயின நான் நகரவே உடலீங்க.”

“அப்பறம்? பேயி வந்து அணைச்சுதா? ரெண்டு வரிசைய மட்டும் பாத்துப் பாத்து அணைச்சுதா?” அண்ணன் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம். “அம்மணி சொன்னா மாதிரி ஒண்ணொண்ணா பண்ணியிருந்தா இந்தக் கதியில்ல. தம்பி, நீ கெளம்பு. அம்மணி, அடுத்த வருஷத்துக்குப் பேப்பர் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மொதல்ல இதச் சரி பண்ணு.”

கிருபாகரன் பையை எடுக்க உள்ளே போனான்.

நான் துணியோடு முன்வரிசைப் பெட்டி ஒன்றின் முன்னால் குனிந்தேன். வழக்கமாகப் பூஜை முடிந்ததும் பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவேன். பொட்டு, ஆன் செய்கிற பட்டன்மேல் இருந்தது. சந்தனம் காய்ந்து, அதில் கட்டைவிரல் ரேகை அச்சாகத் தெரிந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். வட்டமாக, நெற்றி மாதிரி பொட்டு வைக்கத் தோதான இடம் பெட்டியில் அது ஒன்றுதானே. பின்வரிசையில் ஆட்கள் மானிட்டர் தலையில் வைத்திருக்கிறார்கள்.

மற்ற வருஷங்களில் மெயினை இறக்கிவிட்டு வைப்பார், எத்தனை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. இந்த வருஷம் ஓடுகிற பெட்டிக்கு வைத்திருக்கிறார். ஒரு அழுத்து, பெட்டி தானாக மூடிக்கொண்டது. மானிட்டர் கறுப்பு என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

துணி என் கையில் இருந்தது. ஈரத் துணி.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கிருபாகரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தான். என்னிடம் சொல்லிக்கொள்ள நின்றான்.

“நில்லு” என்றேன். “அண்ணா, ஒரு நிமிஷம் இங்க வந்து குனிங்க.”

வந்து குனிந்தார். பட்டனைக் காட்டினேன். பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். அடுத்த பெட்டிக்கும் போய்க் குனிந்து பார்த்தார்.

“அப்ப நான் சாமி கும்புட்டதுதான் தப்புங்கறயா அம்மணி?”

“கும்புட்டதுல தப்பில்லீங்ண்ணா. ஓடவிட்டுக் கும்புடலாம்னு சொன்னது நானு. பொட்ட எங்க வெக்கோணும்னு சொல்லாம உட்டதும் நானு. பையன் ஏத்துனதுல கோளாறு இல்ல. பின்வரிசை எல்லாம் சுத்தமா ஏறியிருக்குதே.”

குணவதிதான் வாயைத் திறந்தாள். “எங்க மொதலாளி கைராசி அப்படீங்க்கா. ஒரே அழுத்துல ரெண்டு வரிசையும் தியானத்துக்குப் போயிருச்சு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அண்ணனின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரன் மட்டும் சிரிக்காமல் பையைக் கீழே வைத்தான்.

அவன் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. பாதியில் நின்றதைக் கழற்றி மறுபடி ஏற்றுவது பொறுமையான வேலை, அவசரப்பட்டால் பிரவுசரே படுத்துவிடும். அவன் வரிசையை முடித்துவிட்டு, கேட்காமலேயே என் வரிசையில் கடைசியிலிருந்து ஆரம்பித்தான். நடுவில் சந்தித்தோம்.

“பட்டன ஒண்ணும் பண்ணாத மாதிரி செட்டிங்க மாத்தி வெச்சிருக்கோணும்ங்க்கா. எனக்குத் தோணாமப் போச்சு” என்றான்.

“பெட்டிய வித்த எனக்கே தோணல. வேலையப் பாரு.”

அக்டோபர் 23, வெள்ளி

காலையில் எல்லாப் பெட்டியிலும் ஹாலந்துக்காரன் தளம் திறந்தது. பேக்கிங் லிஸ்ட் ஏறிவிட்டது. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியதாகப் போன் வந்தது.

அண்ணன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “முடிச்சது யாருன்னு எனக்குத் தெரியல. வெளிய போயி ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. பேப்பர் ஒண்ணுதான், அதுல பேரு என்ன போடறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனோம். அவன் டீயைத் தொடாமலே கேட்டான்.

“பொட்ட நீங்க காட்டாம இருந்திருக்கலாமுல்ல?”

“காட்டாம இருந்தா மாசா மாசம் நானும் நவநீதனும் பென் டிரைவத் தூக்கிட்டு அலையோணும். எனக்கு முட்டிவலி.”

“அவ்வளவுதானுங்களா?”

“பின்ன? டீ ஆறுது, குடி.”

குடித்தான். கடன் தவணையைப் பற்றிக் கேட்டேன், இரண்டு மாதம் பாக்கி என்றான். தனிக்கடையை மூட வேண்டாம், இந்த வேலையில் மட்டும் என்னோடு சேர்ந்துகொள் என்றேன். சும்மா நிற்கிற நேரத்துக்கு வேலை வந்தால் போதும் என்றான். என்னிடம் வேலை பார்த்த காலத்தில் அவன் பேரம் பேசியதில்லை, என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான். இன்று பேசினான். நன்றாகவே பேசினான்.

ஒப்பந்தம் ஓராண்டு, பில் என் கடைப் பெயரில். மாதம் இருபத்திரண்டாயிரம், வரி தனி. பெட்டியும் உதிரிபாகமும் என் பொறுப்பு, அந்த லாபத்தில் அவனுக்குப் பங்கில்லை. அப்டேட் அவன் பொறுப்பு, மாதத்தில் இரண்டாம் புதன், மதியச் சாப்பாட்டு வேளையில், யாரையும் நாற்காலியை விட்டு எழுப்பாமல். மாதத் தொகையில் நாற்பது சதவீதம் கேட்டான். ஐம்பதுக்கு முடித்தேன்.